பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல்

அன்புள்ள ராத்தா,

இப்போது நான் இருக்கும் தெருக்கோடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை, வாங்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக நேற்றுக் காலையில் திறந்தார்கள். கீரை வாங்கிக்கொண்டு திரும்பிய நான் கதவுக்கு நேரே வந்தபோது உள்ளிருந்து அந்த வாடை வெளியே வந்தது. வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் காற்றுப் படாத தேக்கும் சேர்ந்து புளித்த வாடை. அதற்கு மேல் என்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். வீட்டைக் காட்டிக்கொண்டிருந்த தரகர் ஓடி வந்து, கிறுகிறுப்பாக இருக்கிறதா, தண்ணீர் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாடை பட்டால் என் கால் இப்படித்தான் நின்றுவிடுகிறது. ஏன் என்று விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. உங்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். என் வீட்டுக்காரர் தச்சர். பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் பினாங்கில் கடையில் இருந்தார். நீங்கள் மாமியாரோடு ஊரில். நம் இரண்டு வீட்டுக் கொல்லைக் கதவுகளும் ஒரே சந்தில் திறக்கும். உள்ளே தாழிட்ட ஒரு பின்கதவைத் தவிர, சந்தின் எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே சுவர், அந்தச் செட்டியார் குடும்பத்துப் பெரிய வீட்டின் பின்சுவர். அதன் முன்வாசல் அடுத்த தெருவில் இருந்தது.

அந்தச் சந்தில் ஓர் உடைந்த உரலைப் போட்டு, விடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்புவது உங்கள் முதல் வேலை. அரிசி கழுவிய தண்ணீர் ஆடுகளுக்கு, மீன் தலை பூனைகளுக்கு, மிஞ்சிய சோறு நாய்களுக்கு. சிங்கம்புணரிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிமாட்டின் கழுத்தில் புண்ணைப் பார்த்துவிட்டால், வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கதவிடுக்கு வழியாக வண்டிக்காரரிடம் நீட்டுவீர்கள். இதையெல்லாம் பெரிய காரியம் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்படி வேலையோடு சேர்ந்த இன்னொரு வேலை, அவ்வளவுதான். நாயை மட்டும் தொடமாட்டீர்கள். அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்துக் கழுவ வேண்டும் என்று உங்கள் மார்க்கத்தில் உண்டு. அதனால் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஓரமாக நின்று அது தின்று முடிப்பதைப் பார்ப்பீர்கள்.

அந்த வருஷம் வைகாசியில் பெரிய வீட்டில் கல்யாணம். மெட்ராஸில் இருந்த குடும்பம் முழுக்க வந்து இறங்கியது. கூடவே ஒரு பழுப்பு நாயும் வந்தது. அந்த வீட்டு எஜமானியம்மாள், நாம் ஆச்சி என்று கூப்பிடுவோமே, அவருடைய சின்ன மகள் ஆசையாக வளர்த்தது. சில நாள் சந்தெல்லாம் சமையல் புகையும் மேளச் சத்தமுமாக இருந்தது. பிறகு கார் காராகப் புறப்பட்டுப் போனார்கள். வீட்டைப் பூட்டினார்கள். அடுத்த கல்யாணத்துக்கோ சாவுக்கோதான் அது மறுபடி திறக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு மத்தியானம் நீங்கள் என் கொல்லைக் கதவைத் தட்டினீர்கள். "ஆத்தா, இங்குட்டு வா. இந்தச் செவத்துல காதை வச்சுப் பாரு" என்றீர்கள். வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. குரைப்பு என்று சொல்ல முடியாது, ஊளையும் இல்லை. தொண்டை முழுக்க வற்றிப்போன ஓர் உயிர் மூச்சை வெளியே விடும்போது வருகிற சத்தம். நான் சட்டென்று காதை எடுத்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

தெருவில் விசாரித்தோம். அங்கே கிடைத்த பதில் அந்தச் சத்தத்தைவிட என்னை அதிரவைத்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெருநாய் எங்கேயோ சிக்கியிருக்கும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். செட்டியார் வீட்டு விஷயம் நமக்கென்ன என்று இன்னொருவர். மூலைக் கடைக்காரர் மட்டும் நமக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "முந்தியெல்லாம் ரொம்பக் கத்துச்சு. இப்பக் கொறஞ்சிருச்சே." நல்ல மனிதர்தான். நம் பிள்ளைகளுக்குக் கொசுறாக மிட்டாய் கொடுப்பவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பின்சுவரின் அடியில், முற்றத்துத் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு தூம்பு இருந்தது. கையை விட்டால் முழங்கைக்கு மேலே போகும் அளவுக்குக் கனமான சுவர். நீங்கள் மண்ணில் முழங்காலிட்டுக் குனிந்து, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டீர்கள். வெகுநேரம் கழித்து மறுமுனையில் ஏதோ உரசியது. ஒரு மூக்கு தெரிந்தது. நாயின் மூக்கு ஈரமாக மினுங்குமே, அது காய்ந்த தோல்போல வெடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே கொட்டாங்கச்சி அகப்பை ஒன்றுக்கு நீளக் காம்பு போட்டுக் கொடுத்தார். அதில் தண்ணீர் மொண்டு தூம்பு வழியாகத் தள்ளினீர்கள். நக்குகிற சத்தம் கேட்டது. பாதி வழியில் சிந்திவிடும், மறுபடி மொள்ளுவீர்கள். பிறகு கஞ்சி, குழைந்த சோறு. காலி அகப்பையை வெளியே இழுத்தால் மறுமுனையில் பல்லால் பிடித்துக்கொண்டு விடாது. அந்த இழுப்பு உங்கள் கைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

ஓட்டின் மேலே ஏறி முற்றத்தில் இறங்கிவிடலாமே என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அங்குட்டு ஒரு சாமான் காணலைன்னா யாரு தலையில விடியும்?" அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டுக்குள் இருந்த வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் முன்னால் நாம் யார்? ஊரில் பெரிய மனிதர்களிடம் சொன்னோம். மெட்ராஸுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பதில் வரவில்லை. வெயிலுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே கூரையில்லாத முற்றம் இருக்கிறது, இடையில் ஒரு கோடை மழையும் பெய்திருக்கிறது, எங்கேயாவது தண்ணீர் தேங்கியிருக்கும், நாய் அதைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம்.

ஒரு காலையில் அகப்பை நிறைந்தபடியே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினீர்கள். மறுபடியும் நிறைந்தே வந்தது. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. நீங்கள் எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்கள்.

கல்லலில் அவர்களுடைய கணக்கப்பிள்ளை வீட்டில் இருந்தது சாவி. ஆண் துணையில்லாமல் நீங்கள் பஸ் ஏறியதே கிடையாது. உங்கள் மாமியார் கூடாது என்றார். அப்புறம் அவரும் ஒரு தடவை சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டு உள்ளே போய்விட்டார். நீங்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னோடு கிளம்பினீர்கள்.

கணக்கப்பிள்ளை கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். நாம் சொன்னதை அவர் நம்பவே இல்லை. "நாயா? அதைக் காருல கொண்டுபோயிட்டாகளேம்மா" என்றார். முதலாளி உத்தரவு இல்லாமல் சாவியைக் கொடுத்தால் தன் பிழைப்பு போய்விடும், தந்திக்குப் பதில் வரட்டும் என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். நீங்கள் வாதாடவில்லை. வெளியே வந்து கிணற்றடியில், வெயிலில், அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் உட்கார்ந்தேன்.

உச்சி வெயில் ஏறியபோது அவர் மனைவி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். நீங்கள் வாங்கவில்லை. "அது குடிக்காமக் கெடக்கு தாயி. எனக்கு எறங்காது" என்றீர்கள். அந்த அம்மாள் செம்பைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது சாவிக்கொத்து அவர் கையில் இருந்தது. "நானே வாரேன். நானே தொறந்து நானே பூட்டுறேன். கேட்டாகன்னா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். உள்ளே கட்டிலில் கணக்கப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று பெண்கள் அந்த வீட்டைத் திறந்தோம். கதவு விலகியதும் அந்த வாடை. வாடிச் சருகான மாவிலைத் தோரணம் நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுருட்டி வைத்த பாய்கள், கவிழ்த்து அடுக்கிய அண்டாக்கள். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கூடம், அதைத் தாண்டினால் இன்னொரு முற்றம். எங்கும் நாயைக் காணோம். ஒரு காலடித் தடம்கூட இல்லை. தூசி அப்படியே படிந்து கிடந்தது. அதுதான் என்னை முதலில் உலுக்கியது. இத்தனை பெரிய வீட்டில் ஓர் உயிர் தண்ணீர் தேடி அலைந்திருக்குமானால் தூசி இப்படி இருக்குமா?

கடைசியாக அடுப்படி முற்றம். அதன் கதவைத் திறந்து பார்த்த கணத்தை நான் எத்தனையோ முறை மறக்க முயன்றிருக்கிறேன்.

அதைக் கட்டிப் போட்டிருந்தார்கள், ராத்தா. தூணில் சங்கிலி. சங்கிலியின் எல்லையில், தூம்பின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு அது கிடந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு கல்தொட்டி, கோடை மழையில் விளிம்பு வரை நிறைந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது. சங்கிலி அதுவரை எட்டாது. ஒரு கை அளவுதான் எட்டாது. எட்டாத அந்த இடத்தில் கல்தளத்தில் வளைவாக நகக்கீறல்கள். கீறலில் காய்ந்த ரத்தம். பிழைத்துக்கொள்ளும் என்று நாம் சொல்லிக்கொண்ட தண்ணீரை அது அத்தனை நாளும் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறது. கணக்கப்பிள்ளையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் போய்த் தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். கழுத்துப் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. நான் திகைப்பில் என்ன சொல்வதென்று தெரியாமல், "தொட்டுட்டீகளே ராத்தா" என்றேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கழுவுனா போயிரும். நீ போயி உளி எடுத்துட்டு வா" என்றீர்கள். பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிச் சந்தைத் தாண்டிப் பட்டறைக்கு ஓடினேன். நான் பட்டையை அறுத்தபோது அது முனகக்கூட இல்லை. நீங்கள் துப்பட்டியின் நுனியைத் தொட்டியில் நனைத்து, அதன் நாக்கில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டே இருந்தீர்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாக்கு அசைந்தது. அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள்.

அந்தத் துப்பட்டியிலேயே தூக்கி வந்து பட்டறையில் மரச்சீவல் குவியலில் கிடத்தினோம். பிறகு நீங்கள் கிணற்றடியில் கையைக் கழுவினீர்கள். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். மண்ணை எடுத்துத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் நிதானமாக, முறை தவறாமல் கழுவினீர்கள். அந்த நிதானத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மார்க்கத்துக்கும் நீங்கள் செய்ததற்கும் நடுவில் உங்களுக்கு ஒரு சண்டையும் இருக்கவில்லை.

அது பிழைத்தது. கஞ்சித் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் சோறு. கழுத்துப் புண்ணுக்கு வண்டிமாட்டுக்குப் போடும் அதே மஞ்சளும் வேப்பெண்ணெயும். எழுந்து நின்ற அன்றைக்கு அதன் நான்கு காலும் நான்கு பக்கம் போயின. என் வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு அது மறுபடி எழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்த பிறகு ஆச்சி மகளோடு வந்தார். கொடைக்கானலிலிருந்து திரும்பித் தந்தியைப் பார்த்ததும் புறப்பட்டிருக்கிறார். முன்வாசல் வழியாக வராமல், நம் சந்துக்கே வந்து நின்றார். அவர் சொல்லச் சொல்லத்தான் நடந்தது தெரிந்தது. விருந்தாளிகளைக் கண்டு குரைக்கிறதென்று கல்யாணத்தன்று சமையலாள் ஒருவர் அதை அடுப்படி முற்றத்தில் கட்டியிருக்கிறார். புறப்படும்போது பெண்கள், அது ஆண்களின் காரில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். ஆண்கள், பிள்ளைகளின் காரில் இருக்கிறது என்று. சின்ன மகளைத் தூக்கத்திலேயே காரில் ஏற்றியிருக்கிறார்கள். மெட்ராஸில் கண் விழித்து அவள் கேட்டபோது, கணக்கப்பிள்ளையிடம் விட்டு வந்திருக்கும் என்று யாரோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரும் வேணும்னு செய்யலைங்க" என்று ஆச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். ராத்தா, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி அதுதான். அத்தனை நாளும் முகம் தெரியாத ஒரு கொடியவரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. வீடு நிறைய நல்லவர்கள் இருந்தும், ஒருவர்கூடத் தீங்கு நினைக்காமலும், இப்படி ஒன்று நடந்துவிட முடியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆச்சியின் குரலைக் கேட்டதும் பட்டறைக்குள்ளிருந்து அது ஓடி வந்தது. நொண்டிக்கொண்டே, வாலை முதுகு வளைய ஆட்டிக்கொண்டு, அவர் காலில் விழுந்து புரண்டது. அந்தப் பெண்குழந்தையின் முகமெல்லாம் நக்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. வா இங்கே என்று அதட்டிக் கூப்பிட வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "அதுக்கு மனசுல வச்சுக்கத் தெரியாது ஆத்தா. விடு" என்றீர்கள்.

கூட்டிப்போகலாமா என்று கேட்க ஆச்சிக்கு வாய் வரவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "கூட்டிக்கிட்டுப் போங்க ஆச்சி. ஒண்ணே ஒண்ணு. இனிமே கடைசி வண்டியில நீங்க ஏறுங்க." ஆச்சி உங்கள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ விசேஷங்கள் நடந்தன. எல்லா வண்டியும் போன பிறகு, ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறினார். நானே பார்த்திருக்கிறேன்.

நீங்களும் அதோடு விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டைப் பூட்டப் போகிறார்கள் என்று தெரிந்தாலும் போய் நின்றுவிடுவீர்கள். உள்ளே உயிர் எதுவும் இருக்கிறதா, பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். முதலில் சிரித்தார்கள். நாய்க்கார ராத்தா என்று பெயர் வைத்தார்கள். கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டில் கூண்டோடு மறந்துபோன கிளி கிடைத்தது. இன்னொரு வீட்டில் சுருட்டிய ஜமக்காளத்துக்குள் கண் திறக்காத பூனைக்குட்டிகள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. பூட்டும் முன் அவர்களே ஆள் அனுப்ப ஆரம்பித்தார்கள். கல்லலில் அந்தக் கணக்கப்பிள்ளையின் மனைவி, கேட்காமலே, தன் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டார். கூட்டம் போட்டு யாரும் இதைப் பேசவில்லை. பூட்டுவதற்கு முன் ஒரு பார்வை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எழுபதுகளின் நடுவில் உங்கள் வீட்டுக்காரர் உங்களைப் பினாங்குக்கு அழைத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் அழக்கூட நேரமில்லாமல் சந்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தீர்கள். எந்தப் பூனை எதைத் தின்னாது, எந்த ஆட்டுக்குக் கால் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

இந்த வருஷம் ஒரு நாள் உங்கள் மகன் போனில் பேசினான். நலமா என்று நான்தான் முந்திக்கொண்டு உங்களை விசாரித்தேன். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்துவிட்டோம் மாமி என்றான். இறந்தவர்களுக்குத்தான் அதை ஓதுவார்கள் என்று தெரிந்தும், யாருக்கு என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், ராத்தா. அந்த நாற்பது நாளும் நான் இங்கே சமைத்து, சாப்பிட்டு, யாரோ சொன்னதற்குச் சிரித்து, உங்களை உயிரோடு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். போனை வைத்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றேன். அங்கே மாடி வீட்டில் மைனாக்களுக்குத் தண்ணீர் வைக்காமல் நீங்கள் காலையில் வாயில் எதுவும் வைத்ததில்லை என்று அவன் சொன்னது மட்டும் காதில் நின்றது.

எனக்கு வயதாகிவிட்டது. மகன் குடும்பத்தோடு எங்காவது வெளியூர் கிளம்பினால் எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பேரன் ஹாரன் அடிப்பான். நான் மறுபடி உள்ளே போவேன். ஒவ்வோர் அறைக் கதவையும் திறந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, மாடிப்படியில் நின்று, உரக்க ஒரு குரல் கொடுப்பேன். கிழவிக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். குரல் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதில்லை. பலவீனமான ஓர் உயிர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் நின்று கேட்டுவிட்டுத்தான் பூட்டைப் போடுகிறேன், ராத்தா.